ஒரு ஸ்டாப்பிங் முன்னால்

அத்தியாயம் 9

கம்பெனி பஸ் தெருமுனையில் வந்து நின்ற சத்தம் கேட்டதுமே ஏலவார்குழலி அடுப்பில் வெந்நீர் ஏற்றிவிட்டாள்.

சின்ன மருமகள் நைட் ஷிஃப்ட் முடிந்து வருகிறாளாம். ராத்திரி முழுக்க நின்றே வேலை பார்த்த உடம்பாம். வெந்நீரில் குளித்துவிட்டுப் படுத்தால்தான் தூக்கம் பிடிக்குமாம்.

பெரிய மருமகள் மஹாலட்சுமி, இடுப்பில் கைக்குழந்தையோடு தோசை திருப்பிக்கொண்டிருந்தாள். இந்த வீட்டுக்கு வாழ வந்து ஏழு வருஷம் ஆகிறது. பிள்ளை பெற்ற உடம்புக்கு ஊற்றியதைத் தவிர, அவளுக்கென்று யாரும் ஒரு சொம்பு வெந்நீர் வைத்ததில்லை. அவளும் கேட்டதில்லை. கேட்காமலே கிடைக்கிறவளைப் பார்க்கும்போதுதான் வயிறு எரிந்தது.

போன புதன்கிழமை நடந்தது நினைவிருக்கும். மறந்தவர்களுக்காக இன்னொரு தரம்.

பெரிய மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, சின்ன மகளுக்குத் தடுப்பூசி போடுவதற்காகச் சப்-சென்டருக்கு நடந்துகொண்டிருந்தாள் மஹாலட்சுமி. சேரப்பணஞ்சேரியில் அவர்கள் வீட்டுக்கு ஒரு ஸ்டாப்பிங் முன்னால் இருக்கிறது அந்தச் சின்ன ஆஸ்பத்திரி. அன்றைக்குத் தாமதமாக வந்த கம்பெனி பஸ் அங்கே நின்றது. அவளுடைய ஓரகத்தி கவியா இறங்கினாள். உள்ளே போனவள், கொஞ்ச நேரத்தில் மேல்கையில் பஞ்சை அமுக்கிப் பிடித்தபடி வெளியே வந்தாள். இரண்டு பக்கமும் பார்த்தாள். துப்பட்டாவை இழுத்துக் கையை மூடிக்கொண்டு வீட்டைப் பார்க்க நடந்துவிட்டாள்.

டீக்கடைத் தட்டிக்குப் பின்னால் ஒதுங்கி நின்ற மஹாலட்சுமிக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. அந்தக் கட்டடத்துக்கு இந்த ஊர்ப் பெண்கள் இரண்டே காரணத்துக்குத்தான் போவார்கள். வயிற்றில் பிள்ளை இருக்கும், இல்லாவிட்டால் கையில் பிள்ளை இருக்கும். கவியாவின் கையில் பிள்ளை இல்லை.

கல்யாணமாகி ஒரு வருஷம்கூட முடியவில்லை, அதற்குள்! மஹாலட்சுமி குழந்தைக்கு ஊசி போடாமலே வீடு திரும்பிவிட்டாள்.

திரும்பியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை அவள் கணவன் ஜெகதீஷிடம்கூடச் சொல்லவில்லை. அவளுக்கே நாள் தள்ளிப்போயிருந்தது. படப்பை மெடிக்கலில் கிட் வாங்கி வந்து பார்த்தாயிற்று. இரண்டு கோடு.

கைக்குழந்தைக்கு இன்னும் வயசு ஒன்று நிறையவில்லை. அது பிறந்த அன்றைக்கு ரத்தம் நிற்காமல் போய், யார் யாருடைய ரத்தத்தையோ ஏற்றித்தான் தாயைப் பிழைக்க வைத்தார்கள். “உன் உடம்புல ரத்தமே இல்லம்மா. மூணு வருஷத்துக்கு அடுத்த குழந்தைய நினைச்சுக்கூடப் பாக்காத. இன்னொரு தடவை இப்படி ஆனா உன்னைக் காப்பாத்த முடியாமப் போயிடும்” என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார்.

அதனால்தான் போன புதன்கிழமை, ஊசி போடுகிற சாக்கில் நர்ஸிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று கிளம்பினாள். கவியாவின் கையில் பஞ்சைப் பார்த்த நிமிஷத்தில் அந்த எண்ணம் போய்விட்டது. பிள்ளை பெறுவதற்கு முன்னாலேயே வெந்நீர். ஆண் பிள்ளையும் பெற்றுவிட்டால்? இரண்டு பெண்ணைப் பெற்றவளை இந்த வீட்டில் யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

முந்திக்கொள்ள வேண்டும். தன்னுடையது பையனாக இருந்துவிட்டால் போதும். வயிறு வெளியே தெரிகிறவரை வாயைத் திறக்கக் கூடாது. தெரிந்த பிறகு யாரால் என்ன செய்துவிட முடியும்?

உயிரை வைத்து விளையாடுகிறோம் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. பொறாமை வந்தவளுக்கு அது இரண்டாம்பட்சமாகிவிட்டது, அவ்வளவுதான்.

*

“வந்துட்டியாம்மா? தண்ணி காஞ்சிக்கினே கீது. போய் ஊத்திக்கோ” என்றாள் ஏலவார்குழலி.

கவியா கழுத்திலிருந்த ஐடி கார்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். தென்காசிப் பக்கத்துப் பெண். ஹாஸ்டலில் தங்கி, கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் லைனில் நின்றவளை, அதே பஸ்ஸில் போய்வந்த விமல்ராஜ் காதலித்துக் கட்டிக்கொண்டான். ஆரம்பத்தில் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்த மாமியார், அவள் போனஸில் வாஷிங் மெஷின் வந்து இறங்கிய நாளிலிருந்து மருமகளைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடுவதில்லை. ‘அம்மா’தான்.

“யக்கா, பிள்ளைய இங்க தாங்க” என்று கவியா கையை நீட்டினாள். “முகமெல்லாம் வெளுத்துப்போய்க் கெடக்கே. சாப்பிட்டியளா இல்லையா?”

மஹாலட்சுமி குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

“நான் நல்லாத்தான் கீறேன். நீ போய்த் தூங்கு. தூங்க வேண்டிய ஒடம்பாச்சே.”

அதில் இருந்த குத்தல் கவியாவுக்குப் புரியவில்லை. கொட்டாவி விட்டபடியே குளிக்கப் போனாள். குளித்து வந்து, மாமியார் ஊட்டாத குறையாகக் கொடுத்த தோசையைத் தின்றுவிட்டு, அறைக் கதவைச் சாத்திப் படுத்துவிட்டாள்.

பெரியவளைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வந்த கையோடு தண்ணீருக்குக் கிளம்பினாள் மஹாலட்சுமி. தெருக்குழாய் தூரமில்லை. ஆனாலும் திரும்பி வரும்போது பாதி வழியில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. குடத்தை இறக்கி வைத்து, கல்வெர்ட்டில் உட்கார்ந்து, நெஞ்சு அடிப்பது அடங்கிய பிறகுதான் எழுந்தாள்.

வாசலிலேயே காத்திருந்தாள் மாமியார்.

“இன்னாடி இது, தோ கீற பைப்புக்குப் போய் வர்றதுக்கு இவ்ளோ நேரமா? ஒரு கொடத்துக்கே மூச்சு வாங்கினு நிக்கற. அவ ராவெல்லாம் கால் கடுக்க நின்னுட்டு வர்றா, ஒரு வார்த்த சொல்றாளா?”

மஹாலட்சுமி பேசாமல் குடத்தை உள்ளே கொண்டுபோனாள். மாமியார் விடவில்லை. பின்னாலேயே வந்தாள்.

“ரெண்டும் பொண்ணாப் பூட்ச்சி. சரி, மூணாவதாவது இந்த வூட்டுக்கு ஒரு ஆம்பளப் புள்ளயக் குடுப்பன்னு நானும் பாத்துக்கினே கீறேன். உன் ஒடம்பைப் பாத்தா எனக்கு அந்த நம்பிக்கையும் பூடும் போலகீது.”

“அதான் உங்க சின்ன மருமவ மாசமா கீறாளே, அவளையே பெத்துத் தரச் சொல்லுங்க!”

சொல்லிவிட்டாள். ஒரு வாரமாக நெஞ்சில் கிடந்து புளித்தது, அவளைக் கேட்காமலே வெளியே வந்துவிட்டது.

ஏலவார்குழலி கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். “இன்னா சொன்ன?”

“போன புதங்கெழம சப்-சென்டர்ல ஊசி போட்டுக்கினு வந்தா. பஞ்சு வெச்சி அமுக்கினு வந்தத நானே கண்ணால பாத்தேன். ஒரு ஸ்டாப்பிங் முன்னாடியே எறங்கி, யாருக்கும் தெரியாம போயிட்டு வர்றா. நமக்கெல்லாம் சொல்லணும்னு அவளுக்கு இன்னா தலையெழுத்தா?”

மாமியார் கோபப்படுவாள், மறைத்தவளைத் தட்டி எழுப்பி நாலு கேள்வி கேட்பாள் என்று எதிர்பார்த்து நின்றாள் மஹாலட்சுமி. பாவம், ஏழு வருஷம் ஒரே அடுப்படியில் புழங்கியும் மாமியாரை அவள் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. ஏலவார்குழலி இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டாள்.

“பெருமாளே! மூணு மாசம் முடியட்டும், அப்பறம் சொல்லிக்கலாம்னு அடக்கமா கீறா பாரு. இன்னா வெவரம், இன்னா வெவரம்!”

மஹாலட்சுமிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

*

அதற்குப் பிறகு ஏலவார்குழலியைப் பிடிக்க ஆள் இல்லை.

முதல் போன் விமல்ராஜுக்கு. “ஏன்டா, அப்பனாவப் போற, ஆத்தாகிட்ட ஒரு வார்த்த சொல்லல?”

அந்தப் பக்கம் கேன்டீன் இரைச்சல். “யாரு சொன்னா உனக்கு?” என்றான். “அம்மா, டீ பிரேக் முடிஞ்சிச்சி. அப்பறம் பேசறேன்” என்று கட் பண்ணிவிட்டான்.

“வெக்கப்படறான்டி” என்று சிரித்தாள் ஏலவார்குழலி.

அடுத்தது தென்காசிப் பக்கம், சம்பந்தி சொர்ணம்மாளுக்கு. அது முடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு ஒரகடம் ரோட்டுக் கறிக்கடைக்குப் போனாள். திரும்பி வந்து, ஒரு பொட்டலத்தை மஹாலட்சுமியின் கையில் வைத்தாள். ஆட்டு மண்ணீரல். இந்தப் பக்கத்தில் சுவரொட்டி என்பார்கள்.

“மெளகு தட்டிப் போட்டு நல்லா வறுத்து வையி. மாசமா கீறவ துன்னா ரத்தம் ஊறும். சூடா எடுத்து வெச்சி, அவ எழுந்த ஒடனே குடு.”

மஹாலட்சுமி வாணலியை ஏற்றினாள். வெங்காயம் அரிந்தாள். மிளகு தட்டினாள். ரத்தம் ஊற வேண்டியவள் அடுப்பின் முன்னால் வெந்துகொண்டிருந்தாள். ஒரு குறையும் இல்லாதவள் ஃபேனுக்குக் கீழே தூங்கிக்கொண்டிருந்தாள். போன பிரசவத்துக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் கொடுத்த சத்து மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது என்று அவள் நிறுத்தியபோது, இந்த வீட்டில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. யாரும் அவளுக்காகக் கறிக்கடைக்கு ஓடவில்லை.

ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டால் என்ன? கேட்டால் உப்புப் பார்த்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். கரண்டியை எடுத்தாள். அதற்குள் வாடை குடலைப் பிடுங்கியது. கரண்டியைப் போட்டுவிட்டுப் பின்கட்டுக்கு ஓடி, துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள்.

மாமியார் பார்க்கவில்லை. அவள் தெருவில், எதிர்வீட்டு எழிலரசியிடம் நல்ல செய்தி சொல்லிக்கொண்டிருந்தாள். பார்த்தது கவியா. போன் அடித்து எழுந்தவள், அறையின் பின் ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தாள்.

“ஏட்டி, பெத்தவகிட்ட சொல்லணும்னு ஒனக்குத் தோணலையா?” சொர்ணம்மாளின் சந்தோஷ அழுகை போனைத் தாண்டி வெளியே கேட்டது. “சம்பந்தியம்மா சொல்லித்தான் நான் தெரிஞ்சிக்கிடணுமா?”

“என்னத்தம்மா?”

“போட்டி, இன்னும் மறைக்கா! ஒங்க அப்பா தெரு பூரா சொல்லிட்டு வந்துட்டாவ.”

கவியா போனை வைப்பதற்குள் கதவு திறந்தது. மாமியார் தட்டோடு நின்றாள். வறுவல் ஆவி பறந்தது.

“எழுந்துட்டியாம்மா? எனக்கு எல்லாம் தெரியும். நீ ஒண்ணும் சொல்ல வாணாம்.” கன்னத்தைத் தடவித் திருஷ்டி கழித்தாள். “ஒரு துண்டுகூட மிச்சம் வெக்காம துன்னு. நான் போயி ரெண்டு மொழம் பூ வாங்கியாறேன்.”

*

கவியா தட்டை எடுத்துக்கொண்டு நேராகப் பின்கட்டுக்கு வந்தாள். மஹாலட்சுமி அங்கே குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு கல்லின்மேல் உட்கார்ந்திருந்தாள்.

“யக்கா, அத்தைகிட்ட என்னத்தச் சொன்னிய?”

“பாத்தத சொன்னேன்.”

“என்னத்தப் பாத்திய?”

“நீ ஊசி போட்டுக்கினு வந்தத பாத்தேன். மறைச்சா தெரியாதுன்னு நெனச்சியா? நானும் இந்த வூட்டு மருமவதான். எனக்கு முன்னாடி ஒரு பையனப் பெத்து, மொத்தத்தையும் நீயே அள்ளிக்கினு...” மஹாலட்சுமியால் முடிக்க முடியவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

கவியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மஹாலட்சுமியின் முகத்தைப் பார்த்ததும் அது நின்றுபோனது. பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அது பிள்ளை உண்டாகிப் போட்ட ஊசி இல்லக்கா. இப்ப பிள்ளை வேண்டாம்னு போட்ட ஊசி.”

“இன்னாது?”

“மூணு மாசத்துக்கு ஒருக்க போட்டாப் போதும். வேணும்னு தோணுச்சுன்னா நிறுத்திக்கிடலாம். எனக்கு டிரெய்னிங் முடிஞ்சு பெர்மனெண்ட் ஆகட்டும், அப்பறம் பாத்துக்கிடலாம்னு நானும் அவுகளும் பேசி முடிவு பண்ணினோம். அத்தைக்குத் தெரிஞ்சா வையுவாவ. அதான் டிரைவர் அண்ணன்கிட்ட சொல்லி ஒரு ஸ்டாப்பிங் முன்னாலயே எறங்கிக்கிடுதேன்.”

“விமலுக்குத் தெரியுமா?”

“தெரியும். தெரிஞ்சும் அத்தைகிட்ட வாயத் தொறக்கல பாருங்க. வரட்டும், அவுகளுக்கு இருக்கு.”

மஹாலட்சுமி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சின்னவள் பிறந்து வீட்டுக்கு வந்த புதிதில், நர்ஸ் லூர்தம்மாள் வந்து இதைத்தான் பேசினாள். ஊசி இருக்கிறது, காப்பர்-டி இருக்கிறது, எது வேண்டுமோ யோசித்துச் சொல் என்றாள். கேட்டது மஹாலட்சுமியிடம். பதில் சொன்னது பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஏலவார்குழலி. “அதெல்லாம் எங்க வூட்ல வாணாம்மா. இன்னும் ஆம்பளப் புள்ள பொறக்கல.” மஹாலட்சுமி குழந்தையின் போர்வையைச் சரிசெய்துகொண்டு தலையை மட்டும் ஆட்டினாள்.

அன்றைக்கு ஆட்டிய தலை இன்றைக்கு வலித்தது. வெந்நீருக்கும் வாஷிங் மெஷினுக்கும் பட்ட பொறாமை எல்லாம் என்ன பொறாமை! இவள் ஒரு ஸ்டாப்பிங் முன்னால் இறங்கி, தன் உடம்புக்கு வேண்டியதைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். மஹாலட்சுமியை யார் தடுத்தார்கள்? பெரியவளைப் பள்ளிக்கூடத்தில் விடத் தினமும் அந்த வாசலைத் தாண்டித்தான் போகிறாள். ஒரு நாளும் உள்ளே நுழைந்து, எனக்கு என்று கேட்டதில்லை. நேற்று வந்தவளுக்கு இருந்த தைரியம் தனக்கு ஏன் இல்லாமல் போயிற்று? அதை நினைக்க நினைக்கத்தான் கவியாவைக் கன்னத்தில் அறையலாம் போல இருந்தது.

“அப்ப நான் யாரோட போட்டி போட்டுக்கினு இருந்தேன்?” என்றாள். அவளுக்கே கேட்காத குரலில் சொன்னாள்.

கவியாவுக்குக் கேட்டுவிட்டது.

“நீங்க வாந்தி எடுத்ததப் பாத்தேன்க்கா. எத்தன நாளா இருக்கு?”

“சூடு. ஒத்துக்கல.”

“யக்கா, ஒங்களுக்கு ரத்தம் போனதப் பத்தி ஜெகதீஷ் மச்சான் எங்கிட்ட சொல்லியிருக்காவ. வெளையாடாதிய.”

“நீ உன் வேலையப் பாரு!” என்று மஹாலட்சுமி சீறினாள்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஸ்கூட்டி ஹாரன் அடித்தது.

*

“மஹாலட்சுமி! போன வாரமும் வரல, இன்னிக்கும் காணோம். பாப்பாவுக்கு ஊசி தள்ளிப் போகுதும்மா. தூக்கிட்டு வா, நானே கூட்டிட்டுப் போறேன்.”

நர்ஸ் லூர்தம்மாள் கூடத்துக்குள் வந்தாள். அவள் பின்னாலேயே பூவோடு வந்தாள் ஏலவார்குழலி.

“வாம்மா வா! நீயும் கமுக்கமா இருந்துட்ட பாரு. எங்க சின்ன மருமவளுக்கு எத்தினி மாசம்னு நீயாவது சொல்லு.”

லூர்தம்மாள் பின்கட்டுக் கதவருகே நின்ற கவியாவைப் பார்த்தாள். கவியா கையில் தட்டோடு சிலையாகிவிட்டாள்.

“எங்கிட்ட வர்றவங்க விஷயத்த நான் யார்கிட்டயும் பேசறதில்லம்மா” என்றாள் லூர்தம்மாள். “மாமியாரா இருந்தாலும் சரிதான்.”

“அதுவும் சரிதான். நல்லது வெளிய தெரியக் கூடாது.” ஏலவார்குழலி பூவைப் பிரித்துக்கொண்டு கவியாவிடம் போனாள். “திரும்பும்மா, வெச்சி வுடறேன்.”

கவியா ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். “அத்தை, நான்...”

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்திருந்த மஹாலட்சுமி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றாள். இன்னும் ஒரே ஒரு வார்த்தை. கவியா அதைச் சொல்லிவிட்டால் அவளுக்கு இந்த வீட்டில் இருக்கிற மரியாதை அத்தனையும் இன்றோடு சரி. வெந்நீர் நின்றுவிடும். ‘அம்மா’ நின்றுவிடும். நிற்கட்டுமே என்று மஹாலட்சுமிக்குத் தோன்றியது. தோன்றவில்லை என்று சொன்னால் அது பொய்.

வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். தன் வயிற்றில் இருப்பது யாருக்கும் தெரியாது. இன்னும் இரண்டு மாசம், மூன்று மாசம் இப்படியே ஓட்டிவிடலாம்.

குழந்தை அவள் தோளில் சாய்ந்து காதைப் பிடித்து இழுத்தது. கூடம் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. மஹாலட்சுமி சுவரைப் பிடித்துக்கொண்டாள். இந்தக் குழந்தையை யாரிடம் விட்டுவிட்டுப் போவது? அவளை நம்பி இரண்டு இருக்கின்றன. முந்திக்கொள்ளும் அவசரத்தில் அதை மறந்தே போயிருந்தாள்.

“அத்தே, நான்தான் தப்பா சொல்லிட்டேன். மாசமா கீறது அவ இல்ல. நான்.”

முதலில் அசைந்தது லூர்தம்மாள்தான். விறுவிறுவென்று வந்து மஹாலட்சுமியின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். நகத்தைப் பார்த்தாள்.

“எங்கிட்ட முன்னாடியே வந்திருக்கக் கூடாதா? பயமுறுத்தணும்னு சொல்லல, ஆனா இதத் தள்ளிப்போட முடியாது. இன்னிக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும். டாக்டர் பாத்து, ரத்தம் டெஸ்ட் பண்ணி, என்னென்ன வழி இருக்குன்னு சொல்வாங்க. முடிவு நீ எடுக்கலாம்.”

ஏலவார்குழலியின் காதில் இதில் பாதிகூட விழவில்லை. அவள் முகம் ஒரு நிமிஷம் குழம்பி, மறு நிமிஷம் மலர்ந்தது.

“நீயா? அடிப் பாவி மவளே, இதப் போய் மறைப்பாங்களா!”

கவியாவுக்கு வாங்கிய பூ மஹாலட்சுமியின் தலைக்கு வந்தது. கவியாவின் கையிலிருந்த தட்டு மஹாலட்சுமியின் முன்னால் வந்தது. “ஒக்காரும்மா. நீ ஒரு வேலையும் செய்ய வாணாம். தோ வெந்நி வெக்கறேன், ஒடம்புக்கு ஊத்திக்கோ. இந்த வாட்டி ராசாதான், எனக்குத் தெரியும்.”

அம்மா. பூ. வெந்நீர். இத்தனை மாசமாக எதை எதையெல்லாம் பார்த்துப் பார்த்துப் புழுங்கினாளோ, அத்தனையும் ஒரே நேரத்தில் மஹாலட்சுமியின் மடிக்கு வந்துவிட்டது. அவளுக்கு ஒன்றையும் தொடப் பிடிக்கவில்லை.

அடுப்படிக்குப் போகத் திரும்பிய ஏலவார்குழலி பாதியில் நின்றாள்.

“இரு. நீதான் மாசமா கீறன்னா, இவ இன்னாத்துக்கு ஊசி போட்டுக்கினா? பஞ்சு வெச்சி அமுக்கினு வந்தான்னு நீதானடி சொன்ன?”

பொய் சொல்லிச் சமாளிக்க மஹாலட்சுமியால் முடியாது. கண்ணால் பார்த்தேன் என்று காலையில் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னவள் அவளேதான். கவியா அவளை ஒரு தரம் பார்த்தாள். அப்புறம் மாமியாரைப் பார்த்துத் திரும்பினாள்.

“இப்ப பிள்ளை வேண்டாம்னு போட்டேன் அத்தை. அவுகளுக்கும் தெரியும்.”

ஏலவார்குழலி கவியாவை ஒன்றும் சொல்லவில்லை. லூர்தம்மாளைப் பார்த்தாள்.

“நீ பண்ண வேலையா இது? ஒருத்திக்குப் பொறக்கவே வாணாம்னு ஊசி. இன்னொருத்திய ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போயி வவுத்துல கீறதையும் கலைச்சிடுவ. அதுக்குத்தான வந்த?”

விடுவிடுவென்று போய் வாசற்கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். அதன்மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றாள்.

“இந்த வூட்ல இருந்து எவளும் எங்கியும் போவக் கூடாது.”

“அம்மா, கதவத் திறங்க” என்றாள் லூர்தம்மாள். “அவ உயிர் விஷயம்.”

“எனக்கு யாரும் சொல்ல வாணாம்.”

மஹாலட்சுமி தரையில் உட்கார்ந்தபடியே மாமியாரை நிமிர்ந்து பார்த்தாள். ஏழு வருஷத்தில் அப்படி நேருக்கு நேர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“அன்னிக்கு லேபர் வார்டு வாசல்ல நின்னது நீங்கதான அத்தே. என் பொடவையப் பொட்டலமா கட்டி வெளிய குடுத்தாங்களே, கைல வாங்கினது நீங்கதான? வூட்டுக்கு வந்து எத்தினி வாட்டி அலசினீங்க, போச்சா?”

ஏலவார்குழலியின் கை பின்னால் போய்த் தாழ்ப்பாளைப் பிடித்தது.

“எனக்கு இவ மேல பொறாமைதான் அத்தே. இப்பவும் கீது. அவ போட்டுக்கினாளே ஊசி, அது எனக்குப் போட்டிருக்கணும்.”

தோளில் கிடந்த குழந்தையைத் தூக்கிக் கவியாவிடம் நீட்டினாள். காலையில் தர மறுத்த கையிலேயே கொடுத்தாள். பிறகு தட்டை மடிக்கு இழுத்துக்கொண்டாள். வறுவல் ஆறிப்போயிருந்தது. வாடை மறுபடியும் குடலைப் புரட்டியது. பல்லைக் கடித்து ஒரு துண்டை விழுங்கினாள். அடுத்ததை எடுத்தாள். யாருக்கும் ஒரு துண்டுகூடக் கொடுக்கிற எண்ணம் அவளுக்கு இல்லை.

“இருங்க சிஸ்டர்” என்றாள். “துன்னுட்டு வந்துர்றேன். போலாம்.”

தாழ்ப்பாளைப் பிடித்திருந்த ஏலவார்குழலியின் கை இன்னும் அதன்மேலேயே இருந்தது.